கொட்டகையில் நோய் நுழைந்தால்

முயல் தன் நோவை வெளியே காட்டாது. மாடு தீனி எடுக்காவிட்டால் வீட்டுக்கே தெரிந்துவிடும். ஆடு மந்தையை விட்டு ஒதுங்கி நிற்கும். முயலோ பருந்துக்கும் நரிக்கும் பயந்தே வளர்ந்த இனம். சோர்ந்திருப்பது தெரிந்தால் இரையாகிவிடுவோம் என்ற பயம் கூண்டுக்குள் வந்த பிறகும் அதை விட்டுப் போகவில்லை. 'நேத்து நல்லாத்தான் இருந்துச்சு, காலையில பாத்தா வெறச்சுக் கெடக்குது' என்று வளர்ப்பவர்கள் சொல்வதை இந்தக் கணக்கில்தான் எடுத்துக்கொள்ள வேண்டும். பெரும்பாலும் இரண்டு மூன்று நாளாகவே நோய் உள்ளே இருந்திருக்கும்.

ஒரு யூனிட், அதாவது 7 பெட்டை 3 கிடா வைத்திருப்பவருக்குப் பெரிய பண்ணைக்காரரிடம் இல்லாத ஒரு வசதி உண்டு. ஒவ்வொரு முயலையும் தினம் முகம் பார்க்கலாம். அந்த வசதியைப் பயன்படுத்திக்கொண்டால் கொள்ளை நோயைப் பாதி வழியிலேயே மறித்துவிடலாம். மருந்துக் கடையை நம்பி இருந்தால் முடியாது. முயலில் நோய் வெளியே தெரியும்போது அந்த முயலைப் பொறுத்தவரை காலம் கடந்திருக்கும். நாம் காப்பாற்றப் போவது பக்கத்துக் கூண்டுகளில் இருப்பவற்றைத்தான். இந்த அத்தியாயம் முழுவதும் அந்த எண்ணத்தில் எழுதப்பட்டது.

காலையில் பார்க்க வேண்டியவை

முயல் ராத்திரியில்தான் அதிகம் தின்னும். எனவே விடிந்ததும் முதலில் பார்க்க வேண்டியது தீவனத் தொட்டி. நேற்று மாலை வைத்த தீவனம் அப்படியே இருந்தால் அதுதான் முதல் தகவல். புதுத் தீவனத்தை அதன் மேல் கொட்டி மூடிவிடாதீர்கள். தீவனமும் தொடவில்லை, தண்ணீரும் குடிக்கவில்லை என்றால் நிப்பிளை ஒரு தடவை விரலால் அழுத்திப் பாருங்கள். அடைத்துக்கொண்ட நிப்பிளால் பட்டினி கிடக்கும் முயலை நோயாளி என்று எண்ணி மருந்து கொடுத்தவர்கள் உண்டு.

அடுத்து கூண்டுக்கு அடியில் பாருங்கள். நல்ல புழுக்கை உருண்டையாக, உலர்ந்து, ஒரே அளவில் இருக்கும். அளவு சிறுத்துப் போனால் முயல் குறைவாகத் தின்கிறது. ஒன்றோடொன்று ஒட்டினாலோ, சளி போல வழவழப்பாக வந்தாலோ குடலில் கோளாறு. ஒரு விஷயத்தைப் புதிதாக வளர்ப்பவர்கள் தவறாகப் புரிந்துகொள்கிறார்கள். மெத்தென்று, சிறு திராட்சைக் கொத்துப் போலப் பளபளப்பாக வருவது கழிச்சல் அல்ல. அது குடலில் ஒருமுறை புளித்து வெளிவரும் சத்துள்ள புழுக்கை. முயல் அதை ஆசனவாயிலிருந்தே எடுத்துத் தின்றுவிடும். அதைத் தடுக்கக் கூடாது. ஆனால் அது தின்னப்படாமல் கம்பி வலையில் ஒட்டிக் கிடந்தால் அந்த முயலுக்கு உடம்பு சரியில்லை என்று பொருள்.

மூன்றாவதாக, முன்னங்கால்களின் உள்பக்கம். தும்மும் முயல் மூக்கை அதில்தான் துடைத்துக்கொள்ளும். அங்கே ரோமம் பிசுபிசுத்து, காய்ந்து, திரிதிரியாக நின்றால் சளி நோய் உள்ளே வந்துவிட்டது. முகத்தைப் பார்த்தால் ஒன்றும் தெரியாது, சுத்தமாக இருக்கும்.

முதல் நாள்

ஒரு முயல் செத்தோ சோர்ந்தோ கிடந்தால் உடனே அதைத் தூக்கிக்கொண்டு கொட்டகைக்குள் நடக்காதீர்கள். முதலில் மற்ற முயல்களுக்குத் தீவனம், தண்ணீர் வேலையை முடியுங்கள். நோய் கண்ட கூண்டுக்குக் கடைசியில் போங்கள். தினசரி வேலையின் வரிசை இனி இதுதான்: பால் குடிக்கும் குட்டிகள், பால் மறந்த குட்டிகள், பெரியவை, கடைசியில் நோயுற்றவை. போன வழியில் திரும்பி வரக் கூடாது. கை கால் கழுவி, சட்டையை மாற்றிய பிறகுதான் வர வேண்டும்.

நோயுற்றதைத் தனியே வைக்க ஓர் இடம் வேண்டும். கொட்டகையின் ஒரு மூலை போதாது. ஒரே காற்றும் ஒரே ஈயும் உள்ள இடத்தில் தடுப்புப் பலகை வைப்பது மனத்திருப்திக்குத்தான். மாட்டுத் தொழுவத்தின் பின்பக்கம், வீட்டுத் திண்ணை, மரத்தடி நிழல் எதுவானாலும் சரி. எட்டி இருக்க வேண்டும். அதற்கென்று தனித் தீவனத் தட்டு, தனித் துடைப்பம். நோயுற்ற முயலின் இரு பக்கத்துக் கூண்டுகளையும் சந்தேகக் கூண்டுகளாக எண்ணி அடையாளம் கட்டிவிடுங்கள்.

அன்றே நிறுத்த வேண்டியவை மூன்று: இனச்சேர்க்கை, விற்பனை, வேடிக்கை பார்க்க வருபவர்கள். கிடாவை இரவல் வாங்குவதும் கொடுப்பதும் நம்மூரில் சகஜம். நோய் ஊரெல்லாம் பரவுவது பெரும்பாலும் அந்தக் கிடாவின் முதுகில் ஏறித்தான்.

கழிச்சல்: குட்டிகளின் எமன்

சிறு பண்ணைகளில் அதிகம் கொல்லும் நோய் ரத்தக் கழிச்சல் எனப்படும் காக்சிடியோசிஸ். கோழி வளர்ப்பவர்களுக்குப் பெயர் பழக்கமானதுதான். ஆனால் கோழிக்கு வரும் கிருமி வேறு, முயலுக்கு வரும் கிருமி வேறு. ஒன்றிலிருந்து மற்றொன்றுக்குத் தொற்றாது. பால் மறக்கும் வயது, அதாவது நான்கு வாரத்திலிருந்து மூன்று மாதம் வரை உள்ள குட்டிகள்தான் அதிகம் மாட்டிக்கொள்ளும். வயிறு பெருத்து, முதுகெலும்பு துருத்தி, பின்பக்க ரோமம் நனைந்து, இரண்டே நாளில் ஓர் ஈற்றுக் குட்டிகளே போய்விடும். பெயரில்தான் ரத்தம், முயலில் ரத்தம் கண்ணில் படாமலும் இருக்கும். பெரிய முயல்கள் கிருமியைச் சுமந்துகொண்டு சாதாரணமாகவே திரியும். தாயைப் பார்த்து 'இது நல்லாத்தானே இருக்கு' என்று முடிவு செய்யக் கூடாது.

இந்தக் கிருமியின் முட்டை புழுக்கையோடு வெளியே வருகிறது. வந்த உடனே அது தொற்றாது. ஈரமும் வெதுவெதுப்பும் இருந்தால் ஒன்றிலிருந்து நான்கு நாளுக்குள் முற்றி, அதன் பிறகு வாய்க்குள் போனால்தான் நோய். நமக்கு இருக்கும் பிடி இந்த இடைவெளிதான். ஒரு நாள் விட்டு ஒரு நாளாவது கூண்டின் தரையையும் அடியையும் உலர்வாகத் துடைத்தெடுத்தால் பெரும்பாலான முட்டைகள் முற்றுவதற்குள் வெளியே போய்விடும். ஐப்பசி, கார்த்திகை மழையில் கழிச்சல் பெருகுவதும் இதனால்தான். ஈரப் புல்லை நேராக அறுத்துவந்து தரையில் போட்டால் புழுக்கையும் புல்லும் கலந்து முட்டை வாயில் போகிறது. மழைக் காலத்தில் குதிரை மசாலோ கோ-4 புல்லோ எதுவானாலும் ஒரு வெயில் காட்டி வாடவிட்டு, தொங்கும் கூடையில் வையுங்கள்.

பினாயிலும் பிளீச்சிங் பவுடரும் இந்த முட்டையை ஒன்றும் செய்யாது. இதை அழுத்திச் சொல்லக் காரணம் உண்டு. நோய் வந்த கொட்டகைகளில் முதல் செலவே பினாயில்தான். முட்டையைக் கொல்வது வெப்பமும் உலர்ச்சியும். கூண்டைக் காலி செய்து, அப்பியிருக்கும் புழுக்கையைச் சுரண்டி எடுத்து, கொதிக்கும் தண்ணீர் ஊற்றுங்கள். அல்லது வெல்டிங் கடையில் கிடைக்கும் கேஸ் பர்னரால் கம்பி வலை முழுவதையும் மெதுவாகச் சூடேற்றுங்கள். கீற்றுக் கொட்டகைக்குள் தீயைக் கொண்டுபோகாதீர்கள். கூண்டை வெளியே தூக்கிவந்து செய்யுங்கள். பிறகு நல்ல வெயிலில் இரண்டு மூன்று நாள் கிடக்கட்டும்.

மருந்து சல்ஃபா வகையோ டால்ட்ராசுரிலோ, எது, எவ்வளவு, எத்தனை நாள் என்பதைக் கால்நடை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். அதில் நீங்கள் கவனிக்க வேண்டியது இரண்டு. செத்துக்கொண்டிருக்கும் குட்டிக்கு மட்டும் கொடுக்காமல் அந்த வயதில் உள்ள அனைத்துக்கும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். இடைவெளி விட்டு இரண்டாம் சுற்று சொன்னால், குட்டிகள் தெளிந்துவிட்டன என்று அதை விடக் கூடாது. சிகிச்சை நாட்களில் அடர் தீவனத்தைக் குறைத்து, காய்ந்த புல்லைக் கூட்டுங்கள்.

ஈரலில் தங்கும் வகை ஒன்றும் உண்டு. அது சத்தமில்லாமல் எடையைத் தின்னும். கறிக்கு அறுக்கும் ஒவ்வொரு முயலின் ஈரலையும் வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். கருஞ்சிவப்பு ஈரலில் வெள்ளையும் மஞ்சளுமாகக் கட்டிகள் தெரிந்தால் உங்கள் கொட்டகை முழுவதும் கிருமி இருக்கிறது. காசில்லாமல் கிடைக்கும் ஆய்வக முடிவு இது. அறுப்பவரிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் ஈரலைத் தூக்கி எறியாமல் காட்டுவார்.

இன்னொன்று. காக்சிடியோசிஸ் மருந்து கலந்தது என்று சொல்லி பிராய்லர் கோழித் தீவனத்தை முயலுக்குப் போடுபவர்கள் இருக்கிறார்கள். அதில் கலக்கும் சாலினோமைசின், நராசின், மதுராமைசின் போன்றவை கோழிக்கான அளவில் முயலின் இதயத்தையும் தசையையும் சிதைக்கும். நோயைத் தடுக்கப் போய்ப் பெரிய முயல்களையே இழக்க நேரும்.

தும்மல்

தும்மும் முயலெல்லாம் நோயாளி இல்லை. தவிட்டுத் தூசியில் தும்மினால் மூக்கில் தெளிந்த நீர் வரும், முன்னங்கால் சுத்தமாக இருக்கும். பாஸ்டுரெல்லா கிருமியால் வரும் சளி வெள்ளையாகக் கெட்டிப்படும். பிறகு மூச்சிரைப்பு, கண்ணில் பீளை, தோலுக்கடியில் சீழ்க்கட்டி, தாய் முயலுக்கு மடிநோய், சிலவற்றில் தலை ஒரு பக்கம் சாய்ந்து சுற்றிச் சுற்றி விழுதல் வரை போகும்.

இந்தக் கிருமி பல முயல்களின் மூக்கில் சும்மா குடியிருக்கும். அதைக் கிளப்பிவிடுவது கொட்டகையின் காற்று. கூண்டுக்கடியில் மூத்திரம் தேங்கினால் அம்மோனியா வாடை எழும். நின்றபடி மோந்து பார்த்தால் தெரியாது; முயலின் மூக்கு இருக்கும் உயரத்துக்குக் குனிந்து ஒரு நிமிஷம் இருங்கள். உங்கள் கண் எரிந்தால் அதன் நுரையீரல் எரிகிறது. மழைக்குப் பயந்து நாலு பக்கமும் சாக்கைக் கட்டி மூடும் பழக்கம் இதற்கு முக்கியக் காரணம். சாரல் படும் பக்கம் மட்டும் மறைத்து, மேல்பக்கம் ஒரு முழம் திறந்து விடுங்கள்.

ஊசி போட்டால் சளி அடங்கும். ஆனால் அடுத்த ஈற்றிலோ அடுத்த குளிரிலோ திரும்ப வரும். இரண்டாம் தடவை சளி பிடித்த பெட்டையை இனப்பெருக்கத்தில் வைத்திருக்காதீர்கள் என்பது என் கருத்து. நல்ல தாய், எட்டுக் குட்டி போடும் என்று மனசு கேட்காது. அந்த எட்டுக் குட்டிகளும் தாயின் மூக்கிலிருந்து கிருமியை வாங்கிக்கொண்டுதான் வளர்கின்றன. சிறு பண்ணைகள் மூடப்படுவது ஒரே நாள் கொள்ளை நோயால் அதிகம் இல்லை. இப்படிக் கழிக்க மனமில்லாமல் வைத்திருந்த நாலைந்து முயல்களால்தான்.

சொறியும் ஊசிக் கணக்கும்

காதுச் சொறி, மூக்கு நுனியிலும் கால்விரலிலும் வெள்ளைப் பொருக்காக வரும் சொறி இரண்டும் பேன் போன்ற நுண்பூச்சிகளால் வருபவை. சாகடிப்பது குறைவு; இளைக்கவைத்து, குட்டி ஈனுவதைக் கெடுத்து, கொட்டகை முழுவதும் பரவும். இரண்டாவது வகை மனிதர் கையிலும் அரிப்பைத் தரும். காதுக்குள் அடுக்கடுக்காகப் படியும் பழுப்புப் பொருக்கைப் பிய்க்காதீர்கள், அடியில் புண். தேங்காயெண்ணெய் விட்டு ஊறவைத்தால் சில நாளில் தானே கழன்று வரும். வேப்பெண்ணெய், புங்கெண்ணெய் ஆரம்பச் சொறிக்கு ஓரளவு உதவும். பரவிவிட்டால் போதாது.

ஐவர்மெக்டின் ஊசி நன்றாக வேலை செய்யும், ஆனால் அளவில்தான் விபத்து நடக்கிறது. தோலுக்கடியில் ஒரு கிலோ எடைக்கு 0.2 மில்லிகிராம் என்பது வழக்கமான குறைந்தபட்ச அளவு. மூன்று கிலோ முயலுக்கு 0.6 மில்லிகிராம். மாட்டுக்கான 1 சதவீத ஊசி மருந்தில் ஒரு மில்லியில் 10 மில்லிகிராம் இருக்கிறது. ஆக வேண்டியது 0.06 மில்லி. சாதாரணச் சிரிஞ்சில் அதை அளக்கவே முடியாது. ஒரு மில்லிக்கு 40 கோடு உள்ள இன்சுலின் சிரிஞ்சில் இரண்டரைக் கோட்டுக்குச் சற்றுக் குறைவு. 100 கோடு உள்ளதில் ஆறு கோடு. 'கொஞ்சம்தானே, அரை மில்லி' என்று போட்டால் எட்டு மடங்கு உள்ளே போகும். மருத்துவரிடம் போகும்போது முயலின் எடையை எழுதிக்கொண்டு போங்கள். மளிகைக் கடைத் தராசு போதும்.

இந்த மருந்து பூச்சியின் முட்டையைக் கொல்லாது. ஆகையால் 10 முதல் 14 நாளில் மறு ஊசி. எல்லா முயல்களுக்கும் ஒரே நாளில் போட வேண்டும். காதுச் சொறிப் பூச்சி முயலை விட்டு வெளியே மூன்று வாரம்வரை உயிரோடு இருக்கும் என்பதால் குட்டிப் பெட்டி, மரச் சட்டம் எல்லாவற்றையும் கொதிநீரில் கழுவ வேண்டும். ஊசி போட்ட முயலை மருத்துவர் சொல்லும் நாள் வரை கறிக்கு விற்கக் கூடாது. நாய்க்கு உண்ணி போக அடிக்கும் ஃபிப்ரோனில் மருந்தை முயலின் மேல் அடிக்கவே கூடாது, செத்துப்போகும்.

வாய் வழி மாத்திரை விஷயத்திலும் இதே எச்சரிக்கை. வீட்டில் மீந்த ஆம்பிசிலின், அமாக்சிசிலின், கிளிண்டமைசின் போன்றவற்றை முயலுக்கு வாயில் கொடுத்தால் குடலில் இருக்கும் நல்ல கிருமிகள் அழிந்து, கெட்டது பெருகி, சில நாளில் கழிச்சலில் சாகும். வளர்ப்பவரோ நோய் முற்றிச் செத்தது என்று நினைத்துக்கொள்வார்.

திடீரென்று பல சாவு

ஒரே நாளில் நாலைந்து செத்தால் எப்போது, எந்த வயது என்று முதலில் பாருங்கள். பங்குனி முதல் வைகாசி வரை பிற்பகல் இரண்டிலிருந்து நாலு மணிக்குள் பெரியவையும் சினைப் பெட்டைகளும் வாயைப் பிளந்து செத்தால் அது வெப்பம். முயலுக்கு வியர்க்காது, ஈரச் சாக்கும் காற்றோட்டமும்தான் மருந்து. புதுத் தீவன மூட்டை பிரித்த சில நாளில் எல்லா வயதிலும் தீனி குறைந்து சாவு விழுந்தால் பூஞ்சை பிடித்த கடலைப் புண்ணாக்கைச் சந்தேகப்படுங்கள். ஒவ்வொரு மூட்டையிலிருந்தும் ஒரு பிடி எடுத்துப் பையில் தேதி எழுதி வைத்திருந்தால் பரிசோதனைக்கு அனுப்ப முடியும். மூட்டை காலியான பிறகு என்ன சொன்னாலும் நிரூபிக்க வழியில்லை.

இந்தக் காரணங்கள் எதுவும் இல்லாமல், கொழுகொழுவென்றிருந்த பெரிய முயல்கள் ஓரிரு நாளில் அடுத்தடுத்து விழுந்து, சிலவற்றுக்கு மூக்கில் ரத்தம் கசிந்தால் விளையாட்டல்ல. அது முயல் ரத்தக்கசிவு நோயாக இருக்கலாம். இந்த நோய் 1984இல் சீனாவின் ஜியாங்சு மாகாணத்தில், ஜெர்மனியிலிருந்து கொண்டுவந்த அங்கோரா முயல்களிடம் முதலில் தெரிந்தது. ஓராண்டுக்குள் அந்நாட்டில் 14 கோடி முயல்கள் செத்தன என்பது கணக்கு. 2010இல் பிரான்சில் அதன் புது வகை ஒன்று தலைகாட்டியது. பழைய வகை பெரும்பாலும் விட்டுவைத்த சிறு குட்டிகளையும் அது கொன்றது. 2020இல் அமெரிக்காவின் தென்மேற்கு மாநிலங்களில் காட்டு முயல்களுக்கும் பரவியது. செத்த உடலில் இந்த வைரஸ் மூன்று மாதம் போலத் தங்கும். ஈ, செருப்பு, புல் எல்லாவற்றிலும் போகும். இதற்குச் சிகிச்சை கிடையாது. இப்படிச் சாவு விழுந்தால் ஒரு முயலும் பண்ணையை விட்டு வெளியே போகக் கூடாது, அன்றே அரசுக் கால்நடைத் துறைக்குச் சொல்ல வேண்டும்.

மருத்துவரிடம் போகும்போது

நம்மூர்க் கால்நடை மருத்துவமனைக்கு வருபவை மாடும் ஆடும்தான். முயலோடு போனால் மருத்துவருக்கே அது அபூர்வ நோயாளி. எனவே தாளில் எழுதிக்கொண்டு போங்கள்: மொத்தம் எத்தனை, எத்தனை செத்தது, என்ன வயது, எந்தக் கூண்டு, தீவனம் எப்போது மாறியது, புது முயல் எப்போது வந்தது, இதுவரை என்ன கொடுத்தீர்கள். 'குட்டியெல்லாம் சாகுதுங்க டாக்டர்' என்பதை வைத்து அவர் ஊகிக்கத்தான் முடியும். அவசரத்துக்கு 1962 என்ற எண்ணில் அழைத்தால் நடமாடும் மருத்துவ ஊர்தி வரும்.

பிரேதப் பரிசோதனைக்குக் கூசாதீர்கள். முயலில் ஒரு பிரேதம் பத்து ஊசியைவிட அதிகம் சொல்லும். செத்த சில மணி நேரத்துக்குள் இரண்டு பாலிதீன் பையில் கட்டி, தெர்மகோல் பெட்டியில் ஐஸ் வைத்துக் கொண்டுபோங்கள். ஃபிரீசரில் உறையவைத்தால் உறுப்புகள் கெட்டுவிடும். மாவட்டக் கால்நடை நோய்ப் புலனாய்வுப் பிரிவிலோ கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகத்தின் பயிற்சி மையத்திலோ பார்ப்பார்கள். மிச்ச உடல்களை மூன்றடிக்குக் குறையாத குழியில் சுண்ணாம்பு தூவிப் புதையுங்கள். நாய்க்குப் போடுவதும் வாய்க்காலில் வீசுவதும் அடுத்த பண்ணைக்கு நோயை அனுப்புவதுதான்.

மறுபடி நிரப்பும்போது

கடைசி சாவுக்குப் பிறகு அவசரப்படாதீர்கள். சாவு நின்று, கூண்டுகளைச் சுட்டுக் காயவைத்து, மிஞ்சிய முயல்கள் ஒரு மாதமாவது சுகமாக இருப்பதைப் பார்த்த பிறகு புதியவை வாங்குங்கள். சந்தையில் கலந்து வரும் முயல்களைத் தவிருங்கள். கொடைக்கானல் மன்னவனூரில் உள்ள மத்திய ஆராய்ச்சி மையம் போன்ற இடங்களில் வெள்ளை ஜெயண்ட், சோவியத் சின்சில்லா இனங்களை முன்பதிவு செய்து வாங்கலாம். ஆனால் மலைக் குளிரில் வளர்ந்ததைச் சமவெளி வெயிலில் இறக்கினால் அந்த அதிர்ச்சியே நோயைக் கிளப்பும். மார்கழி, தையில், ராத்திரிப் பயணமாகக் கொண்டுவாருங்கள். வந்தவை குறைந்தது மூன்று வாரம் தனி இடத்தில் இருக்கட்டும். பழைய இடத்துத் தீவனம் ஒரு வாரத்துக்காவது கேட்டு வாங்கிவந்து, கொஞ்சம் கொஞ்சமாக உங்கள் தீவனத்துக்கு மாற்றுங்கள்.

நோயில் தப்பிப் பிழைத்த முயல்களை இனவிருத்திக்கென்று யாருக்கும் விற்காதீர்கள். தப்பியது என்பதற்குக் கிருமி போய்விட்டது என்று பொருளில்லை. கழிச்சலிலும் சளியிலும் அவைதான் கிருமியைச் சுமந்து திரிபவை. மருந்து நாட்கள் முடிந்து, சுகமாக இருந்து, மருத்துவர் சரி என்றால் கறிக்குக் கொடுங்கள். வாங்க வருபவர் நல்ல விலை சொன்னாலும், 'இந்தக் கொட்டகையில போன மாசம் நோய் இருந்துச்சுங்க' என்று முதலிலேயே சொல்லிவிடுங்கள்.